இப்போதைக்கு

அன்புள்ள கத்தரிக்கு,

உன் சொந்தப் பெயரைத்தான் முதலில் எழுதினேன். எழுதிப் பார்த்தால் யாரோ ஓர் அதிகாரிக்கு விண்ணப்பம் போடுவதுபோல் இருந்தது. அடித்துவிட்டேன். நீங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, வெட்டியும் ஒட்டியும் என் இலக்கண வகுப்பை ஒரு வழி பண்ணிய காலத்தில், மற்றப் பிள்ளைகள் உனக்குக் கத்தரி என்றும் என் மகளுக்குப் பசை என்றும் பெயர் வைத்தார்கள். அதுதான் இன்னும் என் வாயில் வருகிறது. இந்த சார் காய்கறிக்கெல்லாம் கடிதம் போடுகிறாரே என்று தபால்காரர் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். நீ மட்டும் என்ன, பள்ளியில் சார், வீட்டில் அப்பா என்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக் குழம்பி, கடைசியில் என்னைச் சார்ப்பா ஆக்கியவள்தானே.

இங்கே மூன்று பேரும் நடமாட்டத்தில் இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் படியேறும்போது தனியாகப் பேசுகிறது. வீட்டு அம்மா உன்னை மிகவும் விசாரித்தாள். "அங்க குளிர்னு சொன்னாளே, காதை மூடிக்கிட்டுப் போறாளான்னு கேளுங்க" என்றாள். கேட்டுவிட்டேன். பதில் எழுதும்போது அதை மறந்துவிடாதே, எனக்குத்தான் திட்டு விழும்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் என்பது பொதுக்குழாய் மாதிரி, ஆளுக்கு ஆள் வந்து நிற்பார்கள். இது நான் உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது.

பட்டறை திறந்துவிட்டோம். நீ இல்லாமல் திறக்கக் கூடாது என்றுதான் உன் தோழி பசை தள்ளிப்போட்டாள். வாடகைக்குப் பிடித்த அறையைப் பூட்டியே வைக்க முடியாது அல்லவா. பல் டாக்டர் இருந்த அந்த அறைதான். மூலையில் தொட்டி இருக்கிறது, களிமண் கையைக் கழுவ வசதி என்று நீதான் தேர்ந்தெடுத்தாய். வசதிதான். ஆனால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இப்போதும் யாராவது உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போர்டு செய்த வேலையைக் கேள். நீ ஸ்டூடியோ என்று வைக்கச் சொன்னாய். அப்படி வைத்தால் பாஸ்போர்ட் அளவு போட்டோ எடுக்கத்தான் ஆள் வரும் என்று அவள் யோசித்து, 'கைவினைக் கலைப் பயிற்சிப் பட்டறை' என்று எழுதித் தந்தாள். போர்டு எழுதுகிறவர் பலகையின் நீளத்தைப் பார்த்தார், பெயரின் நீளத்தைப் பார்த்தார். கடைசிச் சொல்லை மட்டும் ஆள் உயரத்துக்கு எழுதிவிட்டு, மற்றதையெல்லாம் அதன் தலைக்கு மேலே எறும்பு ஊர்கிறதுபோல் எழுதிவைத்துவிட்டார். இது என்னய்யா என்று கேட்டேன். "தூரத்துல இருந்து பாத்தா என்ன தெரியணுமோ அது தெரியும் சார்" என்றார்.

தெரிந்தது. முதல் நாள் முதல் ஆள், வளைந்துபோன சைக்கிள் சக்கரத்தோடு வந்தார். "வெல்டிங் உள்ளயா, பின்பக்கமா?" என்று கேட்டார். நீ இருந்திருந்தால் அவரை உட்கார வைத்து, சக்கரத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டு, அவர் கையில் ஒரு பிடி மண்ணைக் கொடுத்திருப்பாய். அவர் ஒரு கிண்ணம் செய்துகொண்டு, சக்கரத்தையும் மறந்துவிட்டுப் போயிருப்பார். இவள் "இல்லைங்க, இது வேற பட்டறை" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். அவர் போய்விட்டார். அடுத்து நாற்காலிக் கால், அதற்கடுத்து குடை. பக்கத்துக் கடை டெய்லர் தையலை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

கற்றுக்கொள்ள வந்தவர்களே இல்லை என்று சொல்லமாட்டேன். வங்கி மேலாளரின் மனைவி வந்தார். கூச்சப்பட்டுக்கொண்டே ஒரு கிண்ணம் செய்தார். ஒரு பக்கம் தாழ்ந்து, ஒரு பக்கம் தூக்கி, பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அம்மாள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. முதல் முறையாகப் பலகையில் தன் பெயரை எழுதிய குழந்தை இப்படித்தான் திரும்பி வகுப்பைப் பார்க்கும். காய்ந்தபின் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார். அடுத்த வாரம் வந்தபோது கிண்ணம் விளிம்பு சீராக, வயிறு வட்டமாக, கடையில் வாங்கியதுபோல் இருந்தது. ஈரம் போவதற்குள் உன் தோழி சரிசெய்து வைத்திருக்கிறாள். நல்ல எண்ணத்தில்தான். அந்த அம்மாள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நான் பண்ணது இல்லையேம்மா" என்றார். கிண்ணத்தை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனவர்தான்.

அவளுக்கு இன்னும் புரியவில்லை. நன்றாகத்தானே செய்து கொடுத்தேன் என்கிறாள். கோணலாக இருப்பதை அவள் கை சும்மா விடாது. கட்டுரை நோட்டுத் திருத்துகிற வாத்தியார் பிள்ளையின் வரிகளை அடித்துத் தன் வரிகளையே எழுதிவிட்டால் அது யார் கட்டுரை? இதைச் சொன்னேன். "நோட்டும் மண்ணும் ஒண்ணாப்பா?" என்றுவிட்டாள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இரண்டாவது மேஜையை உனக்காகவே போட்டு வைத்திருக்கிறாள். இடது கைக்காரிக்கு எது எங்கே இருக்க வேண்டுமோ அது அது அங்கே. இடது கைக் கத்தரிக்கோலை வெளியூரிலிருந்து வரவழைத்தாள். விளக்கைக்கூட வலது பக்கம் மாற்றிவிட்டாள், உன் கை நிழல் வேலையின் மேல் விழக் கூடாதாம். அந்த மேஜையில் உட்காருகிறவர்கள் எல்லாரும் நூலுக்கும் ஊசிக்கும் குறுக்கே கையை நீட்டித் தட்டிவிடுகிறார்கள். மாற்றி வையேன் என்றால், "அவ வந்தா மறுபடி மாத்தணுமே" என்கிறாள்.

ஒரே வருஷம் என்று சொல்லித்தான் அந்த மருத்துவமனை வேலைக்குப் போனாய். வருஷம் நெருங்குகிறது. அவளிடம் கை இருக்கிறது, வாய் இல்லை. உன்னிடம் இரண்டும் இருக்கின்றன. என்றைக்கு வருகிறாய் என்று ஒரு வரி எனக்கு எழுது. பேருந்து நிலையத்துக்கு நானே வருகிறேன், முழங்கால் என்ன சொன்னாலும்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் வழி பார்த்திருக்கும்
சார்ப்பா

*

அன்பு மகளே,

கத்தரி, உன் கடிதம் கிடைத்தது. நல்லவேளை, தபால்காரர் வந்த நேரத்தில் நான் மட்டும்தான் வீட்டில் இருந்தேன்.

கோபம் இல்லை. முதல் முறை படித்தபோது இருந்தது. இரண்டாம் முறை படித்தபோது, வேலையைப் பற்றி நீ எழுதியிருந்த பக்கத்தில் நின்றுவிட்டேன். முடங்கிக் கிடந்து எழுந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அந்த மருத்துவமனையில் கைவேலை சொல்லித்தருகிறாய் என்றும், விரல் மடங்காத ஒரு பெரியவர் ஒரு மாதம் முழுக்க ஒரே ஒரு காகிதப் பூ செய்துவிட்டு அதைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு வராந்தா முழுவதும் நடந்தார் என்றும் எழுதியிருந்தாய். வீட்டு அம்மாவிடம் அந்தப் பகுதியை மட்டும் படித்துக் காட்டினேன். "அவ இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கா" என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் இல்லாத பாத்திரத்தை எல்லாம் கழுவினாள்.

ஆகவே அங்கேயே நிரந்தரமாக இருந்துவிட முடிவு செய்ததில் எனக்கு வருத்தம் உண்டே தவிர, குறை இல்லை.

அந்த இன்னொரு வரியைப் பற்றியும் எழுதித்தான் ஆக வேண்டும். "அவ பக்கத்துல இருந்த வரைக்கும் நான் எதையும் கடைசி வரைக்கும் செஞ்சதே இல்ல சார்ப்பா, பாதியில என் கையில இருந்து வாங்கி அவளே முடிச்சிருவா, இங்க வந்துதான் எனக்கும் முடிக்கத் தெரியும்னு தெரிஞ்சுது" என்று எழுதியிருந்தாய். படித்ததும் அந்த வங்கி அம்மாளின் கிண்ணம் நினைவுக்கு வந்தது. நீ சொன்னது உண்மை. உண்மை என்பதால்தான் அதை என் மகள் பார்க்கக் கூடாது. கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். தப்பாக நினைக்காதே.

"நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்று கேட்டிருக்கிறாய். முயன்று பார்த்தேன். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

பட்டறைக்குப் போனேன். இப்போது அங்கே ஆள் வருகிறார்கள், ஆனால் கற்றுக்கொள்ள அல்ல. திருப்பி அனுப்பி அனுப்பி அலுத்துப்போய், ஒரு நாள் யாருடையதோ உடைந்த கூடையைப் பின்னிக் கொடுத்திருக்கிறாள். அவ்வளவுதான், ஊருக்கே தெரிந்துவிட்டது. கைப்பிடி போன பெட்டி, பிய்ந்த நாற்காலி, முதுகு விட்டுப்போன புத்தகம் என்று வாசலில் வரிசை. எல்லாவற்றையும் உடைந்த இடமே தெரியாமல் செய்துகொடுக்கிறாள். ஆனால் முகத்தில் வெளிச்சமே இல்லை. நான் போனபோது யாருடைய முக்காலிக்கோ கால் ஒட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது மேஜை துடைத்து, காலியாக இருந்தது.

பேச்சுவாக்கில் கேட்பதுபோல், அவள் வராமலே போய்விட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கடைய மூட வைக்கணும்னா நேரா சொல்லுங்கப்பா, அவள ஏன் இழுக்கறீங்க" என்றாள். பிறகு தன் போனை எடுத்துக் காட்டினாள். முந்தாநாள் இவள் புதிதாகச் செய்த ஒரு டப்பாவின் படத்தை உனக்கு அனுப்பியிருக்கிறாள். நீ பதிலுக்கு மஞ்சள் முகம் ஒன்றையும் இரண்டு இதயங்களையும் அனுப்பியிருக்கிறாய். "வராதவளா இத அனுப்புவா?" என்றாள். அந்த மஞ்சள் முகத்துக்கு என்ன பொருள் என்று எந்த அகராதியில் தேடுவேன் நான்?

வீட்டில் வந்து சொன்னேன். "நீங்க சொன்னா அவ நம்புவாளா? மழை பெய்யுதுன்னு சொன்னாலே வெளியில கையை நீட்டிப் பாக்கறவ" என்றாள் வீட்டு அம்மா. சரிதான். அப்பா சொன்னால் அது அப்பாவின் ஆசை. நீ சொன்னால்தான் அது செய்தி.

இதில் அவசரம் ஏன் என்றால், அவளுக்கு ஒரு நல்ல காலம் வாசல்வரை வந்து நிற்கிறது. பெரிய நகரத்து நூலகத்திலிருந்து நூலகர் ஒருவர் இந்தப் பக்கம் வந்திருந்தார். எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய அகராதியை இவள் கட்டிக்கொடுத்திருந்தாள், அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு இதைச் செய்தது யார் என்று விசாரித்து, நேரே பட்டறைக்கே போய்விட்டார். பழம் புத்தகங்களைப் பழுது பார்க்க அவர்களுக்கு நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டுமாம். தனி அறை, பெரிய ஜன்னல், ஆளோடு பேச வேண்டிய வேலை இல்லை. கத்தரி, நீயே சொல், உலகத்தில் அவளுக்கென்று அளந்து தைத்த வேலை வேறு இருக்குமா? கோணலாக இருப்பதைச் சரிசெய்தால் அங்கே யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். சம்பளமே அதற்குத்தான்.

மாதக் கடைசி வரை காத்திருப்பதாகச் சொல்லிப் போயிருக்கிறார். இவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அவர் கொடுத்த முகவரி அட்டையை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள், அதையும் நான் கவனித்தேன். ஆசை இருக்கிறது. ஆனால் கேட்டால், "அவ வர்ற நேரத்துல நான் பூட்டிட்டுப் போயிட்டா, அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்கிறாள்.

வகுப்பில் உதாரணம் சொல்லாமல் எனக்குப் பாடம் நடத்த வராது, உனக்குத் தெரியும். நிறுத்தத்தில் ஒருத்தி நிற்கிறாள். இன்றைக்கு பஸ் இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால், நாலு வார்த்தை திட்டிவிட்டு நடக்கத் தொடங்கிவிடுவாள், இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்தும் விடுவாள். இதோ வந்துவிடும் என்று இரக்கப்பட்டுச் சொல்கிறானே, அவன்தான் அவளை நிற்க வைக்கிறவன். 

அந்த இரக்கம் நமக்கு வேண்டாம். மாதக் கடைசிக்குள் அவளுக்கு நீயே எழுது. போனில் படம் அனுப்பாதே. உன் கையெழுத்தில் எழுது, அதை அவள் நம்புவாள். காரணம் எதுவும் எழுதவேண்டாம், முக்கியமாக அந்தக் காரணம் வேண்டாம்.

கஷ்டமான காரியத்தைத்தான் கேட்கிறேன். வேறு யாரிடம் கேட்பேன்?

நீயும் உன் நோயாளிகளும் நலமாக இருக்க வேண்டும்.

உன்
சார்ப்பா

*

அன்பு மகளே,

உன் கடிதம் அவளுக்கு வந்து சேர்ந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். அதற்கு முதலில் என் நன்றி.

அன்றைக்கு நான் பட்டறையில் இருந்தேன். இப்போதெல்லாம் மாலையில் அங்கே போய் உட்கார்ந்து, நூல் கண்டுகளை நிறம் பிரித்து வைப்பதுபோல் பாவனை செய்கிறேன். நான் பிரித்ததை நான் போனபின் அவள் மறுபடி பிரித்து வைக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். உறையின்மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்துதான் பிரித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று படித்தாள். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பரீட்சை முடிவு ஒட்டும் நாளில் பிள்ளைகளின் முதுகைப் பார்த்திருக்கிறேன், பாஸா பெயிலா என்று முதுகிலேயே தெரியும். இவள் முதுகு நிமிர்ந்தது. திரும்பியபோது சிரித்துக்கொண்டிருந்தாள்.

"படிங்கப்பா" என்று என்னிடம் நீட்டினாள்.

நல்ல கடிதம். பழைய கதையெல்லாம் எழுதியிருந்தாய், அவள் கையைப் புகழ்ந்திருந்தாய், உன் கண்ணீர் பட்டு ஓரிடத்தில் மையும் கலைந்திருந்தது. மூன்றாம் பக்கத்தில் அந்த வாக்கியம் இருந்தது. "இப்போதைக்கு என்னால் வர முடியாது."

நாற்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த வாக்கியத்தில் எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, பிழை ஒன்றும் இல்லை. முன்னால் ஒரு சொல்லை வைத்தாயே, அதுதான் வாக்கியத்தையே தின்றுவிட்டது. எழுதும்போது உனக்கு அது தெரிந்திருக்காது. கூசிய கை தானாக எழுதியிருக்கும். கல்யாணத்துக்குக் கூப்பிட்டவரிடம் பார்க்கலாம் என்கிறோமே, அந்த மாதிரி, அடி வலிக்காமல் இருக்க நடுவில் வைக்கிற துணி. ஆனால் கேட்கிறவள் துணியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"இப்போதைக்குன்னுதான் எழுதியிருக்கா, பாத்தீங்களா? முடியாதுன்னு ஒரேடியா சொல்லல. நீங்க என்னமோ அவ வரவே மாட்டாங்கற மாதிரி பயமுறுத்தினீங்களே" என்றாள். இவ்வளவு கலகலப்பாக அவள் பேசி வெகுநாள் ஆகிறது. பக்கத்துக் கடை டெய்லர்கூட எட்டிப் பார்த்து, "என்னம்மா, லாட்டரியா?" என்று கேட்டார். "அதவிட மேல" என்றாள்.

அன்றைக்கே நூலகருக்குப் பதில் எழுதிவிட்டாள். தோழியோடு சேர்ந்து நடத்தும் பட்டறை இருப்பதால் வர இயலாது என்று. நான் தடுத்துப் பார்த்தேன். தடுக்கத் தடுக்கத்தான் எழுத்து வேகமாக ஓடியது. கடிதத்தைத் தானே தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, அறையின் ஒப்பந்தத்தையும் இன்னும் சில வருஷங்களுக்குப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். நூலகர் மரியாதையான மனிதர். வருந்துவதாகவும், வேறொருவரை நியமித்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். அந்த ஜன்னல் அறை போய்விட்டது. அதைப் பற்றி இனி எழுத ஒன்றும் இல்லை.

நடந்ததற்கு உன்னைக் குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. நடந்தபின் இருக்கிற நிலைமையைச் சொல்கிறேன்.

பழுது பார்க்கக் கொண்டுவருகிறவர்களை மறுபடியும் திருப்பி அனுப்பத் தொடங்கிவிட்டாள். நீ வரும்போது பட்டறை பட்டறையாக இருக்க வேண்டுமாம். கோபித்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை. கற்றுக்கொள்ள வருகிறவர்களும் இல்லை. காலையில் திறக்கிறாள், பெருக்குகிறாள், இரண்டு மேஜைகளையும் துடைக்கிறாள். களிமண்ணைப் பிரித்துப் பார்த்து, ஈரத் துணியை மறுபடி நனைத்துப் போர்த்துகிறாள். அதைக் காயவும் விடுவதில்லை, எதையும் செய்வதும் இல்லை. போன வாரம் துணியை விலக்கினபோது அறை முழுவதும் அழுகின வாடை. மண்ணில் கறுப்பாகப் பூத்துவிட்டது. உனக்கே தெரியும், காய்ந்துபோன மண்ணாக இருந்தால் இடித்து, தண்ணீர் ஊற்றி, மறுபடி பிசைந்துகொள்ளலாம். அதற்கு ஒரு வழி உண்டு. இது என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டிலும் நிலைமை சரியில்லை. அவள் அம்மாவால் பொறுக்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில், "அவ வரமாட்டாடி. அவ பொழப்பு அவளுக்கு, உன் பொழப்ப நீ பாரு" என்று சொல்லிவிட்டாள். இவள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "அம்மா, உனக்கு அவள எப்பவுமே ஆகாது" என்றாள். ஆகாதா? நீ சாப்பிடாமல் தூங்கிப்போன நாளில் எழுப்பி ஊட்டியவள் அவள். அதைச் சொல்லிக்காட்டுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அன்றிலிருந்து தாயும் மகளும் என் வழியாகப் பேசிக்கொள்கிறார்கள். உப்பு வேண்டும் என்றால்கூட நான் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறேன்.

நான் ஏன் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்பாய். போன வாரம் சொன்னேன். கத்தரி எனக்கு எழுதினாள், வரப்போவதில்லை என்று எழுதினாள் என்றேன். "அந்தக் கடிதத்தக் காட்டுங்க" என்றாள். இல்லை, எரித்துவிட்டேன் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் பிறந்ததிலிருந்து என்னை அப்படிப் பார்த்ததில்லை. "வயசான காலத்துல பொய் சொல்லாதீங்கப்பா" என்று மெதுவாகச் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் தோளில் தட்டிவிட்டு, டீ போட்டுக் கொடுத்தாள்.

ஆகவே மறுபடியும் உன்னிடமே வருகிறேன். கடைசி முறையாக.

அவளுக்கு ஒரே ஒரு வரி எழுது. வரமாட்டேன் என்று எழுது. முன்னால் எதையும் வைக்காதே, பின்னால் எதையும் சேர்க்காதே. ஆனால் என்று தொடங்குகிற வாக்கியம் வேண்டாம். பழைய கதை வேண்டாம். மன்னிப்பு வேண்டாம், மன்னிப்பிலும் அவள் ஒரு கதவைக் கண்டுபிடித்துவிடுவாள். அன்புள்ள என்று ஆரம்பிக்காமல் இருக்க முடியுமானால் அதையும் விட்டுவிடு. அதைப் படித்து அவள் உன்னை வெறுப்பாள். வெறுக்கட்டும். வெறுப்பு வந்தால் பூட்டைத் தூக்கிக் கதவில் போடுவாள். பிறகு என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. வேறொரு ஜன்னல் அறை கிடைக்கும் என்றெல்லாம் நான் நம்பவில்லை. நம்பிக்கையோடு இதைக் கேட்பதாகவும் நினைக்காதே.

நீ அழுவாய் என்று தெரியும். பத்து வயதிலிருந்து ஒன்றாக இருந்தவளிடம் கெட்ட பெயர் வாங்கிக்கொள் என்று, உன்னை மகளே என்று கூப்பிடுகிற ஒருவன் கேட்கிறான். இதைக் கேட்கிற இடத்தில் நான் இருந்திருக்கக் கூடாது.

இன்னும் ஒன்று. இதைப் படித்துவிட்டு மனது கேட்காமல், ஒரு வாரம் லீவு போட்டு நேரில் வந்து சமாதானம் செய்துவிட்டுப் போகலாம் என்று உனக்குத் தோன்றும். உன்னை எனக்குத் தெரியும், டிக்கெட்டுகூடப் பார்க்கத் தொடங்கியிருப்பாய். வேண்டாம். அந்த ஒரு வாரத்தை வைத்துக்கொண்டு அவள் பத்து வருஷம் உட்கார்ந்திருப்பாள். அவள் அம்மாவுக்கோ எனக்கோ உடம்புக்கு ஏதாவது என்று செய்தி வந்தாலும் இருந்த இடத்திலேயே இரு.

அந்த ஊரிலேயே உனக்கு ஒரு நல்ல வீடு அமையட்டும். நல்ல மனிதர்கள் துணை இருக்கட்டும். எடுத்த காரியத்தையெல்லாம் உன் கையாலேயே முடித்துப் பார்க்கிற பாக்கியம் உனக்குக் கிடைக்கட்டும். குளிரில் காதை மூடிக்கொள். திரும்பி வராமல், நூறு வயது நன்றாக இரு, மகளே.

உன்
சார்ப்பா